கைராசி ஸ்டிக்கர் ஹவுஸ்

ஊசிமலைத் தோட்டம்,
லிந்துலை.
11.03.2007

அன்பில்லாவிட்டாலும் முறைக்கு மச்சானாகிவிட்ட பழனியாண்டிக்கு,

இங்கே நானும் உன் தங்கை வடிவும் சுகம். உன் சுகத்தை நான் விசாரிக்கவில்லை. வடிவு விசாரிக்கச் சொன்னாள். முழங்காலுக்குத் தைலம் பூசுகிறாயா என்றும் கேட்கச் சொன்னாள். கேட்டுவிட்டேன். கடமை முடிந்தது.

போன் இருக்கும்போது இவன் ஏன் கடிதம் எழுதுகிறான் என்று முகத்தைச் சுளிக்காதே. தோட்டத்தில் சிக்னல் வேண்டுமென்றால் கோயில் மேட்டில் ஏறி ஒற்றைக்காலில் நிற்க வேண்டும். என் தொப்பைக்கு அந்தத் தவம் சரிவராது. உன் பஞ்சிகாவத்தைக் கடையிலிருந்து ஸ்டிக்கர் ரோல் வரும் அட்டைக் குழாய் எப்படியும் பஸ்ஸில் வந்து போகிறது. அதற்குள் ஒரு கடிதம் கிடந்தால் பஸ்ஸுக்கு என்ன பாரம்?

விஷயத்துக்கு வருகிறேன். கிழமை நாளில் பெக்டரியில் உதவி டீமேக்கர், ஞாயிற்றுக்கிழமை ஸ்டிக்கர்க்காரன் என்று இரண்டு வருஷமாக இரட்டை வேஷம் போடுகிறேன். தேயிலை காய வைக்கும் டிரையருக்குப் பின்னால் உள்ள விறகுக் கொட்டிலில் சனிக்கிழமை வண்டியை விட்டால், திங்கள் காலை அது புதுத்தோல் போர்த்திக்கொண்டு மாப்பிள்ளை மாதிரி வெளியே போகும். நான் ஒட்டியதில் ஒரு ஓரம்கூட இதுவரை தூக்கியதில்லை. மற்றவன் ஒட்டியது முதல் மழையிலேயே வாயைப் பிளக்கிறது. “ஐயாவுக்குக் கைராசிங்க” என்கிறார்கள். கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எனக்கும் அப்படித்தான் தெரிகிறது.

ஆனால் ரசனை என்று ஒன்று லிந்துலையிலிருந்து வட்டவளை வரைக்கும் கிடையாது. போன வாரம் ஒருவன் தன் ஆட்டோவுக்கு இடது பக்கம் முருகன், வலது பக்கம் தேள் கேட்டான். “ஏன்டா இப்புடி?” என்றேன். “முருகன் எனக்குங்க. தேளு என் மச்சானுக்குங்க. அவன் வீடு வலது பக்கமாத்தான் இருக்கு” என்றான். வாழ்க்கையில் முதன்முறையாக ஒரு வாடிக்கைக்காரனை மதித்தேன்.

தோட்டத்துத் தொரைக்கு மூக்கில் வேர்க்கிறது. “மிஸ்டர் சின்னத்தம்பி, இது டீ பெக்டரியா, வண்டிங்களுக்கு அழகு பண்ற சலூனா?” என்றார். இருபத்திரண்டு வருஷம் இவர்களுக்குத் தூசி தின்றது போதும். வேலையை விட்டுவிட்டு டவுனில் கடை போடப்போகிறேன். கறுப்பில் இரண்டு ரோல், சிவப்பில் ஒன்று அனுப்பு. புத்திமதி அனுப்பாதே, அது இங்கேயே மலிவாகக் கிடைக்கிறது.

இப்படிக்கு,
உன் குடும்பத்துக்கு வாழ்க்கை கொடுத்த
சின்னத்தம்பி


கொழும்பு.
20.03.2007

டீமேக்கர் தொரை அவர்களுக்கு,

நலம். முழங்கால் அப்படியே இருக்கிறது. உன் மூளையைப் போல, அசைவதில்லை.

உன் கடிதக் குழாயைப் பேலியகொடையில் பஸ்ஸைச் சோதித்த சிப்பாய் கண்ணில் வைத்துப் பார்த்தானாம். கண்டக்டர் சொன்னான். உள்ளே இருந்தது உன் யோசனை என்பதால் அவனுக்கு ஒன்றும் தென்படவில்லை.

இந்தக் கடையில் பதினாலு வருஷமாக நிற்கிறேன். கைராசிக்காரர் எத்தனையோ பேரைப் பார்த்தாயிற்று. அவர்களில் பாதிப் பேர் இப்போது பக்கத்துக் கடையில் டயர் தூக்குகிறார்கள். நீ விழுந்தால் நான் சிரிப்பேன், அது வேறு கதை. வேலை போனால் தோட்டத்து வீடும் போகும் என்பது லயத்து வரிசை வீட்டில் பிறந்த கைப்பிள்ளைக்கும் தெரியும். வடிவுக்குப் பனி ஆகாது. அந்தக் குவாட்டஸில் புகைபோக்கி வைத்த அடுப்பு இருப்பதால்தான் அவளுக்கு மூச்சு ஒழுங்காக வருகிறது. அப்படியிருந்தும் இரண்டு ஸ்வெட்டர் போட்டுத்தான் படுக்கிறாள். அவளை எங்கே கொண்டுபோய் வைப்பாய்? முருகனுக்கும் தேளுக்கும் நடுவிலா?

ரோல் மூன்றும் இதோடு வருகிறது. நல்ல சரக்கு. ஒட்டுகிறவனுக்குத்தான் நான் பொறுப்பில்லை.

பழனியாண்டி


லிந்துலை.
03.05.2007

மச்சான் பழனியாண்டிக்கு,

இருவரும் சுகம். வடிவுக்கு லேசாகச் சளி, சொல்லும்படி இல்லை. நீயும் சுகமாக இரு, எனக்கு ரோல் தேவைப்படுகிறது.

ஏப்ரல் முப்பதோடு தோட்டத்துக்கும் எனக்கும் உறவு அறுந்தது. பிரியாவிடை என்று ஒன்று வைத்தார்கள். தொரை என் பெயரை இரண்டு தடவை தப்பாகச் சொல்லி, சுவர்க் கடிகாரம் ஒன்றைப் பரிசளித்தார். அது ஓடவில்லை. இருபத்திரண்டு வருஷத்துக்குப் பொருத்தமான பரிசுதான். என் இடத்துக்கு கோபிசங்கர் என்ற பையன் வந்திருக்கிறான். தலையில் எண்ணெயும் கையில் மோட்டார் சைக்கிள் சாவியும் தவிர அவனிடம் வேறொன்றும் இல்லை. “நீங்க மிச்சம் வச்ச ஸ்டிக்கர் துண்ட நான் எடுத்துக்கட்டுங்களா சேர்?” என்றான். பிச்சை போட்டேன்.

வீட்டுக்கு ஜூலை முப்பத்தொன்று வரை தவணை தந்திருக்கிறார்கள். அதற்குள் டவுனில் மாடிவீடு வாங்கிவிடுவேன் போலிருக்கிறது. சிரிக்காதே.

கடை லிந்துலை பஜாரின் கோடியில். முன்பு கோவா, லீக்ஸ் என்று மரக்கறி மூட்டை அடுக்கிய கொட்டில். “ரெண்டு கிழமையானாலும் மரக்கறி வாடாதுங்க, அவ்வளவு குளுகுளுன்னு இருக்கும்” என்று சொந்தக்காரன் பெருமையடித்தான். போர்டு எழுதிவிட்டேன்: கைராசி ஸ்டிக்கர் ஹவுஸ்.

எதிரே மஃறூப் நானாவின் பேக்கரி. அவர் பாணைப் பற்றி எழுதினால் தாள் கனத்துவிடும். சக்கரத்துக்கு அண்டை கொடுக்கக் கல் தேடினேன், வடிவு, “நானா கடையில் ஒரு றாத்தல் பாண் வாங்கினால் போதாதா?” என்றாள். உன் குடும்பத்திலும் ஒருத்திக்கு நகைச்சுவை உண்டு.

சின்னத்தம்பி
உரிமையாளர்


கொழும்பு.
19.05.2007

உரிமையாளர் அவர்களுக்கு,

சுகம். மரக்கறி வாடாத இடத்தில் கடை போட்டிருக்கிறாய், நீயும் வாடாமல் இருப்பாய்.

வடிவுக்கு ‘லேசாகச் சளி, சொல்லும்படி இல்லை’ என்று எழுதியிருக்கிறாய். சொல்லும்படி இல்லாததை நீ எழுதுகிறவன் இல்லையே. எப்படி இருக்கிறாள்? வீடு பார்த்தாயிற்றா? இந்த இரண்டு கேள்விக்கும் பதில் எழுது. மற்றதை எழுதாவிட்டாலும் பரவாயில்லை.

வெள்ளி நிறத்தில் இரண்டு ரோல் அனுப்புகிறேன்.

பழனியாண்டி


லிந்துலை.
16.06.2007

மச்சானுக்கு,

நலம். மழை பிடித்துவிட்டது. பகல் பன்னிரண்டு மணிக்கு எதிர்க்கடை தெரியவில்லை. மஃறூப் நானாவின் பாண் கண்ணில் படாமல் இருப்பது ஒன்றே லாபம்.

கடையில் கூட்டம். ஒட்டிப் போனவனெல்லாம் ஒரு கிழமையில் திரும்ப வந்து நிற்கிறான், அப்படி ஒரு பிரியம். சலூன்காரியிடம் தலைமயிர் உலர்த்தும் மெஷினை இரவல் வாங்கி ஸ்டிக்கருக்குச் சூடு காட்டினேன். பஜார் முழுக்கக் கரண்ட் போய்விட்டது. புகழ் வரும்போது வெளிச்சம் போவது சகஜம்.

ஒரு சங்கதி. பெக்டரியில் கணக்கு எழுதும் துரைராசா மாஸ்டர், யாழ்ப்பாணத்து மனுஷன், தன் காருக்கு ஒரே ஒரு கோடு ஒட்டக் கொண்டுவந்தார். ஒரு கோடுதான்! அதற்கு அரை மணி நேரம் குனிந்து நின்று, “உது நேராய் இல்லைப் பாரும்” என்றார். ரோட்டே நேராய் இல்லாத ஊரில் இவருக்கு மட்டும் நேர்கோடு வேண்டுமாம். அவருடைய பல்வரிசையைப் பார்த்தேன். அதுவும் நேராய் இல்லை.

ஆமாம், நீ கடைசியாக அனுப்பிய ரோல்கள் முன்பு அனுப்பிய அதே கொம்பனிதானா? சும்மாதான் கேட்டேன்.

சின்னத்தம்பி


கொழும்பு.
25.06.2007

சின்னத்தம்பிக்கு,

நான் கேட்ட இரண்டு கேள்வியும் அப்படியே கிடக்கின்றன. மாஸ்டரின் பல்லை எண்ணியிருக்கிறாய்.

நேற்றுக் காலை மரக்கறிச் சந்தைக்குப் போனேன். லிந்துலையிலிருந்து கோவா ஏற்றிவந்த லொறி ஒன்று நின்றது. பக்கவாட்டில் ஒரு பருந்து. ஒரு இறக்கை பெட்டியில் ஒட்டியிருந்தது, மற்றது காற்றில் அடித்துக்கொண்டிருந்தது. படத்துப் பருந்து பறக்க முயற்சி செய்து இப்போதுதான் பார்க்கிறேன். டிரைவரிடம் யார் ஒட்டியது என்று விசாரித்தேன். “எங்கூர்ல ஒரு மேதை இருக்காருங்க. மூணு தடவ ஒட்டினாரு, நாலு தடவ உரிஞ்சிருச்சு” என்றான். சந்தையே சிரித்தது. உன்னைத் தெரிந்தவன் என்று காட்டிக்கொள்ளாமல் நானும் சேர்ந்து சிரித்தேன். அப்புறம் வீடுவரை சிரிப்பு வரவில்லை.

இன்னும் ஐந்து கிழமைதான் உன் தவணை. உண்மையை எழுது.

பழனியாண்டி


லிந்துலை.
02.07.2007

பழனியாண்டிக்கு,

உண்மைதானே வேண்டும்? இந்தா.

நீ அனுப்பும் ரோல் குப்பை. இரண்டு வருஷம் நல்லதை அனுப்பி என்னை வேலையை விட வைத்துவிட்டு, இப்போது கழிவை அனுப்புகிறாய். கை அதே கை, தேய்க்கிற ரப்பர் அதே ரப்பர். மாறியது உன் சரக்கு ஒன்றுதான். இதோடு உரிந்த துண்டு ஒன்று வைத்திருக்கிறேன். உன் முதலாளியின் நெற்றியில் ஒட்டிப் பார். அங்கேயும் நிற்காது.

பதினாலு வருஷம் கடையில் நின்றவனுக்கு நல்லது கெட்டது தெரியாதா? தெரியும். மச்சான்தானே, தலையில் கட்டலாம் என்று நினைத்திருக்கிறாய். இனி எனக்கு உன் ரோலும் வேண்டாம், உன் விசாரிப்பும் வேண்டாம்.

சின்னத்தம்பி


ஊசிமலைத் தோட்டம்.
17.07.2007

அன்புள்ள அண்ணனுக்கு வடிவு எழுதிக்கொள்வது,

அண்ணி, பிள்ளைகள் எல்லாரும் எப்படி இருக்கிறீர்கள்? எனக்கு இருமல் இருக்கிறது. மருந்து எடுக்கிறேன், பயப்பட வேண்டாம்.

இரண்டு கிழமையாக உங்களிடமிருந்து ஒரு வரியும் இல்லை. அவர் என்ன எழுதினார் என்று காட்டவில்லை. ஆனால் குழாயைப் பஸ்ஸில் ஏற்றிவிட்டு வந்த விதத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. கோபம் இருந்தால் வைத்துக்கொள்ளுங்கள், இதைப் படித்துவிட்டு வையுங்கள்.

அவர் இப்போது சரியாகச் சாப்பிடுவதில்லை. கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். கைராசி போய்விட்டதாம். போன வெள்ளி கோயிலில் மந்திரித்துச் சிவப்புக் கயிறு கட்டிக்கொண்டு வந்தார். அந்தக் கையோடு ஒட்டிய வேனும் மறுநாள் உரிந்தது. வீடு விட இன்னும் பதினாலு நாள். வேறு வீடு பார்க்கவில்லை. கேட்டால் ஜோக் சொல்கிறார்.

அண்ணன், ரோலில் பிழை இல்லை. அவர் கையிலும் பிழை இல்லை. பெக்டரிக்குப் புதிதாக வந்த கோபிசங்கர் தம்பி, இவர் மிச்சம் வைத்த துண்டை அதே டிரையர் கொட்டிலில் வைத்துத் தன் மோட்டார் சைக்கிளுக்கு ஒட்டியிருக்கிறது. அந்தத் தம்பிக்கு ஒட்டத் தெரியாது, குமிழி குமிழியாக இருக்கிறது. ஆனால் இந்த மழையிலும் ஒரு நூல் தூக்கவில்லை. நான் பக்கத்தில் போய் நகத்தால் நோண்டிப் பார்த்தேன்.

அங்கே இரவும் பகலும் டிரையர் வெக்கை. வண்டித் தகரம் காய்ந்து சூடேறிய பிறகுதான் இவர் கை வைத்திருக்கிறார். இங்கே கோவா வைத்த கொட்டில். தகரத்தைத் தொட்டால் விரல் ஈரமாகிறது. அவ்வளவுதான் ராசி.

மஃறூப் நானா கடைக்கு நான்தான் பாண் வாங்கப் போவேன். பின்பக்கம் பாண் சுடும் போறணைச் சுவர் ஓரமாக நின்றால் இருமல் அடங்கிவிடும், அதனால் கொஞ்ச நேரம் நிற்பேன். நேற்று அவர் மனைவி கமறியா ஒரு முக்காலி கொண்டுவந்து போட்டாங்க. அங்கே மூன்று பக்கமும் தகரம் அடைத்த முற்றம் இருக்கிறது, சுவரை ஒட்டினாற்போல ஒரு அறையும் சும்மா கிடக்கிறது. கேட்டேன். நானா சொன்னார்: “எங்கட சுவர் சும்மாதானே சூடாகுது. வந்து இருங்க தங்கச்சி. ஆனா ஒங்கட மாப்பிள்ள எங்கட பாணப் பத்திப் பேசறத நிப்பாட்டணும்.”

நான் சொன்னால் இவர் கேட்கமாட்டார். தானாகக் கண்டுபிடித்ததாக இருந்தால்தான் செய்வார். நீங்கள் அன்பாக எழுதினாலும் வேலைக்கு ஆகாது. எப்போதும் போல எழுதுங்கள். நான் எழுதியது தெரிய வேண்டாம்.

தங்கை,
சண்முகவடிவு


கொழும்பு.
20.07.2007

ராசி கெட்ட சின்னத்தம்பிக்கு,

உன் துண்டு கிடைத்தது. கடை மேசைக்குப் பக்கத்தில் முதலாளி டீக் கேத்தல் வைத்திருக்கிறார். கேத்தலில் ஒட்டினேன். முதலாளி பிடுங்கப் பார்த்தார், முடியவில்லை. என்னைத் திட்டினார். இதுதான் என் குப்பைச் சரக்கு.

கைராசியாம், கை! உன்னை எனக்கு ஏழாம் வகுப்பிலிருந்து தெரியும். உன் நோட்டுப் புத்தகத்துக்கு உறை போட உனக்கு வரவில்லை, நான்தான் போட்டுத் தந்தேன். இரண்டு வருஷமாக வேலை செய்தது உன் கையா? தொரையின் டிரையரடா மடையா! அந்த வெக்கையில் ஒரு குரங்கு ஒட்டினாலும் ஒட்டும். சந்தேகமிருந்தால் உன் பெக்டரிப் பக்கம் தலை காட்டி, ஏதாவது குரங்கு ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்.

சூடான சுவர் ஒன்று இல்லாமல் நீ பூஜ்யம். ஆனால் லிந்துலையில் சூடான சுவருக்கு நீ எங்கே போவாய்? இருக்கிற ஒரே சூட்டையும் கல்லுக் கல்லு என்று கேலி பண்ணியே கெடுத்துக்கொண்டவன் நீ. முடிந்தால் யோசி. முடியாது என்று எனக்குத் தெரியும்.

பழனியாண்டி


மஃறூப் பேக்கரியின் பின்பக்கம்,
லிந்துலை.
26.08.2007

மச்சான் பழனியாண்டிக்கு,

சுகம். நீ சுகமா? இந்தத் தடவை நான்தான் கேட்கிறேன், வடிவு கேட்கச் சொல்லவில்லை.

உன் கடிதம் வருமுன்பே எனக்கு விஷயம் தெரியும். சூடுதான் காரணம் என்பதை நானே ஆராய்ந்து கண்டுபிடித்து வைத்திருந்தேன். உன் கடிதம் குறுக்கே வந்துவிட்டது, அவ்வளவுதான். ஆனாலும் பெக்டரிப் பக்கம் போய்வந்தேன். குரங்கு ஒட்டியதைப் பார்த்தேன். வண்டியில் அம்மை போட்டது போல குமிழிகள். நகத்தால் நோண்டினேன், வரவில்லை. “சேர், எப்புடி இருக்கு?” என்றான். “கைராசிடா தம்பி” என்று சொல்லி, என் கையில் கிடந்த சிவப்புக் கயிற்றைக் கழற்றி அவன் கையில் கட்டிவிட்டு வந்தேன்.

ஜூலை முப்பதாம் திகதி இங்கே வந்துவிட்டோம். வண்டியின் ஒரு பக்கத்தைச் சுவரைப் பார்க்க நிறுத்தி, தகரம் காய்ந்ததும் ஒட்டி, பிறகு தோசையைத் திருப்புவது போல மறுபக்கம் திருப்புகிறேன். பருந்து லொறி வந்தது. ஐந்தாம் தடவை. இருபது நாளாகிறது, இறக்கை அசையவில்லை. டிரைவர் இன்னும் மேதை என்றுதான் சொல்கிறான், ஆனால் இப்போது சிரிக்காமல் சொல்கிறான். போர்டில் கைராசியை அழித்துவிட்டு வேறு பெயர் எழுதப் போனேன். மஃறூப் நானா, “இருக்கட்டும் விடுங்க, ஆக்களுக்குச் சுவரக் காட்டினா வேற ஆள் வந்திருவான்” என்றார். வியாபாரி வியாபாரிதான்.

தினமும் இரண்டு நேரம் அவர் பாண்தான் சாப்பிடுகிறோம். முன்பு சொன்னது அப்படியே நிற்கிறது, கல்தான். ஆனால் போறணையிலிருந்து இறக்கிய உடனே அது கல்லென்று தெரியாது. என்னையும் உலகம் அப்படித்தான் இத்தனை நாள் ஏமாந்திருக்கிறது.

உன் ரோலைப் பற்றி நான் எழுதிய கடிதத்தைக் கிழித்துப் போட்டிருப்பாய். போடாவிட்டால் போடு.

இன்னொன்று. போன மாதம் பதினேழாம் திகதி வடிவின் விரலில் பேனா மை இருந்தது. எட்டாம் வகுப்போடு பேனாவை வைத்தவள். நான் ஒன்றும் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. நீயும் சொல்லாதே.

நீ இரண்டு கேள்வி கேட்டிருந்தாய். வீட்டுக்கு விலாசம் மேலே இருக்கிறது. மற்றதற்கு இது பதில்: எங்கள் அறையின் பின்சுவர்தான் போறணையின் சுவர். அவளுடைய இரண்டு ஸ்வெட்டரும் மூன்று கிழமையாக வெளியே கொடியில் தொங்குகின்றன. விற்பனைக்கா என்று பக்கத்துக் கடைக்காரன் கேட்டான். எடுக்க மறந்துவிட்டாளாம்.

வெள்ளி நிறத்தில் ஒரு ரோல் அனுப்பு.

சின்னத்தம்பி